புத்தோவைக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஆடிக் காட்டாமல் நடத்தும் வகுப்பு பற்றி ஓர் உரையாடல்

அடவுக்காரி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பரதநாட்டியம் கற்றுக்கொடுப்பது என் தொழில். சின்ன வயதில் வந்து சேர்ந்து, அரங்கேற்றமும் முடித்துவிட்ட மூத்த மாணவிகள் சிலர் என்னிடம் இருக்கிறார்கள். அடவு சுத்தம், தாளம் சுத்தம், அங்கசுத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதத்தைக் கொடுத்து, "இந்த வரிக்கு நீயே சஞ்சாரி யோசித்துக்கொண்டு வா" (வரியின் பொருளை அபிநயத்தில் விரித்துக் காட்டுவது) என்றால் திகைத்து நிற்கிறார்கள். மறுநாள் நான் ஆடியது வருகிறது, இல்லையென்றால் யூடியூபில் யாரோ ஆடியது வருகிறது.

சமீபத்தில் ஒரு புத்தோ பட்டறைக்குப் போயிருந்தேன். புத்தோ என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பிறந்த நடன வகை. நடத்தியவர் ஓர் அசைவைக்கூட ஆடிக் காட்டவில்லை. "உங்கள் எலும்பெல்லாம் சாம்பல். காற்று பட்டால் உதிரும். அந்தச் சுவர் வரை நடங்கள்" என்றார். இத்தனை வருஷம் மேடையில் நின்றவள், நாலடி வைப்பதற்குள் வியர்த்துவிட்டது. அந்த நடையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் அது எங்கிருந்தோ வந்தது.

இதை என் மூத்த மாணவிகளுக்குக் கொண்டுபோகலாமா? அவர்களைப் புத்தோ ஆடுகிறவர்களாக ஆக்குவது என் நோக்கம் இல்லை. தாமாக ஒன்றைக் கண்டெடுக்கிற பழக்கம் வந்தால் போதும். ஆடிக் காட்டாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது? சரி, தப்பு என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு பட்டறைக்குப் போய்வந்தவள் இதை எடுத்து நடத்தலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளியமைப்பாளன் (சென்னை)

வணக்கம் மேடம். உங்கள் அக்கறை புரிகிறது. இருந்தாலும் என் மறுப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப்பாற்றலை வளர்க்கப் புத்தோ, மன அழுத்தம் தீரப் புத்தோ என்றெல்லாம் வார இறுதிப் பட்டறைகள் வந்துவிட்டன. அந்தக் கலை அதற்காகப் பிறக்கவில்லை.

1959 மே மாதம் தோக்கியோவில், புதிய நடனக் கலைஞர்களை அறிமுகப்படுத்தும் ஒரு நிகழ்ச்சியில், புத்தோவைத் தொடங்கிய ஹிஜிகாத்தா தத்சுமி ஒரு சின்னப் படைப்பைக் கொண்டுவந்தார். தலைப்பு யூகியோ மிஷிமாவின் நாவலிலிருந்து எடுத்தது. மேடையில் இரண்டே பேர்: ஹிஜிகாத்தா, புத்தோவின் இன்னொரு முன்னோடியான ஓனோ கசுவோவின் மகன் யோஷித்தோ. பெரும்பகுதி இருட்டு. உயிருள்ள ஒரு கோழி. ஆண்களுக்கிடையிலான இச்சை. அவையோர் கொதித்துப்போனார்கள். நிகழ்ச்சியை நடத்திய நடனச் சங்கத்தைவிட்டே ஹிஜிகாத்தா வெளியேறினார். அடுத்த வருஷம் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து தோக்கியோ தெருக்கள் நிறைந்தன. போரில் எரிந்து, தோற்று, அவசரமாக மேற்கத்திய உடுப்பை மாட்டிக்கொண்ட ஒரு நாட்டில் உடம்பு எழுப்பிய கலகம் இது. 1968இல் அவர் ஆடிய தனி நிகழ்ச்சியின் தலைப்பிலேயே "உடலின் கலகம்" இருக்கிறது.

பயிற்சி நடந்த விதத்தையும் மறக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூடம் என்ற பயிற்சிக்கூடத்தில் ஹிஜிகாத்தாவிடம் பயின்றவர்கள் இரவில் கேபரே என்ற இரவு விடுதிகளில் ஆடிச் சம்பாதித்தார்கள். கூடமும் நாடகச் செலவும் அந்தப் பணத்தில் நடந்தன. முழு வாழ்க்கையையும் கொடுத்துப் பெற்ற ஒன்றை இரண்டு மணி நேர வகுப்பில் பிழிந்து எடுத்துவிட முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கனகாவா வாசி (யோகொஹாமா)

சார் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. வேலைக்காக இங்கே வந்தவன் நான். காமிஹோஷிகாவாவில் இருக்கும் ஓனோ பயிலகத்தில், யோஷித்தோ உயிரோடிருந்த காலத்தில் (அவர் 2020இல் காலமானார்) அவர் வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புத்தோவுக்கு இரண்டு தாய்வீடு. இரண்டிலும் கற்பிக்கும் விதம் நேர் எதிர். இதைத் தெரிந்துகொண்டால் மேடத்தின் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஓனோ கசுவோ 1906இல் ஹக்கோதாத்தேயில் பிறந்தவர். மேடைக்கலைஞராக உலகம் அறியும் முன்பே அவர் வாத்தியார். யோகொஹாமாவில் கிறிஸ்தவப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர். 1929இல் தோக்கியோ இம்பீரியல் அரங்கின் மேல்மாடத்தில் இருந்து லா அர்ஹென்தீனா என்ற ஸ்பானிய நடனக்காரியைப் பார்த்தார். அந்த ஒரு மாலை அவரைவிட்டுப் போகவே இல்லை. நடுவில் போர், சீனா, பிறகு நியூகினி. திரும்பி வந்து ஆடினார், ஹிஜிகாத்தாவோடு சேர்ந்து வேலை செய்தார், அப்புறம் பல வருஷம் தனி மேடை ஏறாமல் இருந்தார். 1976இல் நாக்கானிஷி நத்சுயூக்கி துத்தநாகத் தகட்டில் வரைந்த ஓர் அரூப ஓவியத்தின் முன் நின்றபோது, அதற்குள் அந்த நடனக்காரியைக் கண்டதாகச் சொன்னார். மறு வருஷம், 71 வயதில், அவளைப் போற்றும் நடனத்தை மேடையேற்றினார். 1959இல் மகன் ஆடிய அதே தாய்-இச்சி செய்மெய் மண்டபம். நெறியாள்கை ஹிஜிகாத்தா.

அவர் ஸ்பானிய நடனம் கற்று அதை ஆடவில்லை. ஒரு முத்திரைகூட அவளுடையது கிடையாது என்று சொல்லலாம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு உள்ளே கிடந்த ஒரு காட்சிக்கு அவருடைய வயதான உடம்பு தந்த பதில் அது. மேடம், உங்கள் மாணவிகளிடம் நீங்கள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய வகுப்புகளில் பேச்சு அதிகம். தாயின் கருப்பை, இறந்தவர்கள், பூ, அண்டம் என்று பேசிக்கொண்டே போவார். அவை நூலாகவும் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பேசி முடித்ததும் எல்லோரும் ஆடுவார்கள். அசைவைத் திருத்துவது அபூர்வம். மகன் யோஷித்தோவின் வகுப்பு இன்னும் சிக்கனமானது. ஒரு மெல்லிய காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார், அல்லது பட்டுத் துணி, அல்லது ஒரு பூ. கையில் காகிதம் இருக்கும்போது விரல் கொஞ்சம் பொய் சொன்னாலும் அது கசங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் திருத்த வேண்டிய வேலையை அந்தக் காகிதமே செய்கிறது. நான் பார்த்ததிலேயே மிக உயர்ந்த கற்பித்தல் என்று அதைச் சொல்வேன்.

ஹிஜிகாத்தா வீட்டில் சொல்தான் எல்லாம். அவர் பேசிக்கொண்டே இருப்பார், சிறு பறையைத் தட்டுவார், ஆடுபவர் அந்தச் சொல்லை உடம்பில் வாங்க வேண்டும். பிரான்சிஸ் பேக்கன், பெல்மர், கோயா, டர்னர் ஓவியங்களைக் கத்தரித்துக் குறிப்பேடுகளில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்தார். அந்த ஏடுகள் இப்போது கேயோ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆஷிகாவா யோக்கோ போன்ற முதன்மை ஆட்டக்காரர்கள் அந்தச் சொற்களிலிருந்துதான் உருவானார்கள். இங்கே தன்னிச்சை என்பதற்கு இடமே கிடையாது. முகம் எப்படி, பார்வை எங்கே, முதுகில் என்ன என்பதெல்லாம் முன்பே தீர்மானமானது.

ஆகவே "புத்தோ என்றால் மனம் போனபடி ஆடுவது" என்று பட்டறையில் யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு வீடு மட்டுமே தெரியும், அதுவும் வாசல் வரை.

அடவுக்காரி

மிக்க நன்றி. இத்தனை பொறுமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஓனோவின் 71 வயதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஹிஜிகாத்தா வழிதான் என் மாணவிகளுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. கட்டுப்பாட்டில் வளர்ந்த உடம்புகள் அவை. திடீரென்று விட்டுவிட்டால் மிரண்டுபோகும். ஆனால் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவி செய்கிறாள் என்றால், அது மறுபடியும் என் கையைப் பார்த்துச் செய்வது மாதிரிதானே? அவளுடைய படைப்பு அதில் எங்கே இருக்கிறது?

கனகாவா வாசி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹிஜிகாத்தாவிடம் பயின்ற மிக்காமி கயோ பதிவு செய்திருக்கும் பூச்சி நடை என்ற பயிற்சி. வலது புறங்கையில் ஒரு பூச்சி ஊர்கிறது. அதை உணர்ந்து முடிப்பதற்குள் இடது கழுத்திலிருந்து முதுகுக்கு இன்னொன்று இறங்குகிறது. அப்புறம் தொடையின் உட்புறம். ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். மயிர்க்கால் வழியாக உள்ளே நுழைந்து உறுப்புகளைத் தின்னும். கடைசியில் தின்னப்பட்ட உடம்பு மட்டும் நிற்கும்.

இதில் "கையை இப்படித் தூக்கு" என்ற கட்டளை ஒன்றுகூட இல்லை. பூச்சி எங்கே என்பது ஆசிரியர் சொன்னது. அதற்குத் தோள் எப்படிச் சிலிர்க்கிறது என்பது ஆடுகிறவளுடையது. நான்கைந்து பூச்சி வரை நினைத்துப் பார்த்து நடிக்கலாம். அதற்கு மேல் நடிக்க மனசுக்கு நேரம் கிடைக்காது. கவனம் அத்தனை இடத்துக்குச் சிதறும்போது பழக்கத்தில் வருகிற அசைவு தானாக அறுந்துபோகிறது. பழக்கம் அறுந்த இடத்தில்தான் புதியது வரும். கண்டிப்பு அதிகமாக அதிகமாக ஆடுகிறவரின் சொந்தம் வெளியே வருவது இப்படித்தான்.

சரி தப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூச்சியைச் சொரிகிற மாதிரி ஒருத்தி காட்டினால், அவள் உங்களுக்குத் தகவல் சொல்கிறாள். அப்போது "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "எந்தப் பூச்சி? கால் ஈரமா, காய்ந்ததா? இப்போது எந்த விலா எலும்பில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கேள்வி நுணுக்கமாக ஆக, நடிப்பு குறையும். அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். உங்கள் கண் அழகுக்குப் பழகிய கண்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஒரு தடவை ஆடிக் காட்டினால் போதும், அந்த வகுப்பு முடிந்தது. எல்லோர் உடம்பிலும் உங்கள் பூச்சிதான் ஊரும்.

களத்துமேடு (தஞ்சாவூர்ப் பக்கம்)

நான் நடனக்காரன் இல்லை, விவசாயி. வெளிநாட்டில் இருந்தபோது உடல் வானிலை என்ற பயிற்சியில் கொஞ்ச காலம் இருந்தேன். ஜப்பானிய நடனக்கலைஞர் தனக்கா மின் தொடங்கியது அது. அவர் ஹிஜிகாத்தாவோடு வேலை செய்தவர், ஆனால் தன் பயிற்சியைப் புத்தோ என்ற பெயருக்குள் அடைக்க விரும்பாதவர். 1985இல் யமனாஷி மலைப்பகுதியில் ஹக்குஷூ என்ற கிராமத்துக்குப் போய்ப் பண்ணை அமைத்தார். ஆட வந்தவர்கள் நெல் நட்டார்கள், கோழி வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள். வேலையும் பயிற்சியும் ஒன்றாக நடந்தன.

எங்களுக்குச் சொல்லித்தந்ததில் மறக்க முடியாதது மெதுநடை. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாக. அறையின் ஒரு மூலையிலிருந்து கிளம்பினால் எதிர்ச் சுவர் வேறொரு நாட்டில் இருப்பது போல இருக்கும். இன்னொன்று, இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் மூச்சைக் கவனித்துப் படுத்திருக்க, மற்றவர் அவர் கை காலைத் தூக்கி, எடையைப் பார்த்து, மெல்ல இழுத்து விடுவார். படுத்திருப்பவர் உதவி செய்யக் கூடாது. உதவாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா, உங்கள் மாணவிகளை ஒரு நாள் நாற்று நடக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஹிஜிகாத்தா தேடிப் போனதும் சேற்றைத்தான். அவர் பிறந்த அகித்தா நெல் விளைகிற குளிர்ப் பிரதேசம். அங்கே வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை வைக்கோல் கூடைக்குள் அமுக்கிக் கட்டி வயலோரம் வைத்துவிட்டுப் போவார்களாம். சாயங்காலம் எடுத்தால் கால் மடங்கியது மடங்கியபடி, நிமிராது. 1985இல் ஓர் உரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். புத்தோக்காரர்கள் அந்த வளைந்த காலோடு ஏன் நிற்கிறார்கள் என்று எனக்கு அதைப் படித்த பிறகுதான் பிடிபட்டது.

எலும்பும் தசையும் (கோயம்புத்தூர்)

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சில விஷயம். அடவுக்காரி, உங்கள் மாணவிகள் வருஷக்கணக்காக முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருந்தவர்கள். முழங்காலும் இடுப்பும் ஏற்கெனவே உழைத்தவை. புத்தோ நடையும் மடங்கிய முழங்காலில், தாழ்ந்த இடுப்பில்தான் நடக்கும். அதுவும் மிக மெதுவாக. மெதுவாக என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். தசை ஓய்வே இல்லாமல் சுமை தாங்குகிறது. முதல் வகுப்புகளில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே நிலையில் வைக்காதீர்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி இருப்பவர் உயரமாகவே நடக்கட்டும், நீங்கள் சொல்லிக் கொடுத்த படிமம் (மனக்காட்சி) கெடாது.

தொடக்கத்தில் நொகுச்சி மிச்சிசோவின் உடற்பயிற்சி முறையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். பல புத்தோக்காரர்கள் அதைப் பயின்றவர்கள். நம் உடம்பு தண்ணீர் நிறைந்த ஒரு தோல்பை, எலும்பும் உறுப்பும் அதற்குள் மிதக்கின்றன என்பது அவர் பார்வை. தரையில் படுத்து, ஒரு காலை இன்னொருவர் லேசாக ஆட்ட, அந்த அலை தலை வரை போகிறதா என்று பார்ப்பது. எங்கே அலை நிற்கிறதோ அங்கே இறுக்கம். முதுகை நிமிர்த்தி நிறுத்தியே பழகிய நாட்டியக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

புத்தோக்காரர்கள் உடம்பில் பூசும் வெள்ளைப் பூச்சைப் பூசுவதாக இருந்தால் முந்தின நாளே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். உயரத்தில் ஏறுவது, கயிற்றில் தொங்குவது போன்றவற்றைப் படத்தில் பார்த்துவிட்டு யாரும் செய்ய வேண்டாம். 1985இல் சியாட்டிலில் சன்காய் ஜூக்கு என்ற புத்தோ குழுவினர் கட்டடத்தின் மேலிருந்து தலைகீழாக இறங்கும் காட்சியில் கயிறு அறுந்து ஒரு கலைஞர் இறந்துபோனார். அத்தனை தேர்ந்த குழு அது.

நாடக ரீச்சர் (யாழ்ப்பாணம்)

வணக்கம். நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறனான். எல்லாரும் உடம்பைப் பற்றிச் சொல்லிட்டியள், நான் மனசைப் பற்றி ஒரு விசயம் சொல்லோணும்.

புத்தோவிலை சாவு எப்பவும் கிட்ட நிக்கும். பிணம், சாம்பல், அழுகிறது, காய்ஞ்சு போறது, இதெல்லாம் வழமையாக் குடுக்கிற படிமங்கள். எங்கடை இடத்திலை இந்தச் சொல்லுகளைச் சும்மா எடுத்து ஒரு பிள்ளையின்ரை கையிலை குடுக்கேலாது. வகுப்பிலை இருக்கிற ஆருக்கு வீட்டிலை என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடி "நீ இப்ப மண்ணுக்குள்ளை கிடக்கிறாய்" எண்டு சொல்லுறது, சில பேருக்குப் பயிற்சி, சில பேருக்குப் பழைய நாளுக்குத் திரும்பப் போறது.

ஓனோவும் போருக்குப் போய் வந்த மனுசன். நியூகினியிலை இருந்து திரும்பி வாற கப்பலிலை செத்துப்போன ஆக்களைக் கடலிலை இறக்கினதைக் கண்டவர். பிறகு ஜெல்லிமீன் நடனம் எண்டு ஒண்டு ஆடினவர், கடலிலை கிடக்கிற அவையளுக்காக. ஆனா ஆரும் அவரைப் பிடிச்சு "அந்தக் கப்பலை ஆடு" எண்டு சொல்லேல்லை. அவருக்கு எப்ப வந்ததோ அப்ப ஆடினார். தன்னை ஆட்டினதை அவரே தெரிஞ்செடுத்தார். படிப்பிக்கிற ஆக்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கோணும் எண்டு நான் நினைக்கிறன்.

நான் செய்யிறது இது. முதலிலை உயிர் சம்பந்தமில்லாத படிமம் மட்டும்: கல்லு, பனி, புகை, ஈரத் துணி. பிறகு மிருகம், நித்திரை கொள்ளுற நாய் மாதிரி. கண்ணை மூடச் சொல்லுறதில்லை, பாதி திறந்தபடி. ஆரும் எந்த நேரமும் சுவரோடை போய் இருக்கலாம், கேள்வி இல்லை. முடிஞ்சாப்பிறகு வட்டமா இருத்தி "என்ன உணர்ந்தனியள்" எண்டு ஆரையும் கேக்கிறதில்லை. கீறலாம், எழுதலாம், சும்மா இருக்கலாம். தாங்களாச் சொன்னாக் கேப்பன்.

இதாலை என்ரை பிள்ளையள் எவ்வளவோ மாறி இருக்கினம். மேடையிலை வசனம் இல்லாமல் நிக்கப் பயந்த பிள்ளை, இப்ப அசையாமல் நிண்டே ஒரு காட்சியைத் தாங்குது.

ஒளியமைப்பாளன்

ரீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பட்டறைகள் மேல் எனக்கிருந்த கோபத்துக்குப் பெரிய காரணமே, யாரும் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாததுதான். இப்படி ஒருவர் நடத்துவதானால் எனக்கு மறுப்பு இல்லை.

மேடத்துக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

மரோ அகாஜி 1972இல் தொடங்கிய தைராக்குதாகன் என்ற புத்தோ குழுவில் ஒரு கொள்கை உண்டு: ஆளுக்கொரு பள்ளி. குழுவில் வளர்ந்தவர் தானே படைப்பை உருவாக்கி, தன் வழியைத் தொடங்க வேண்டும். வெறும் பேச்சு இல்லை. சன்காய் ஜூக்குவை 1975இல் தொடங்கிய அமகத்சு உஷியோ அங்கிருந்து வந்தவர். முரோபுஷி கோ, கார்லோத்தா இக்கேதா அங்கிருந்து வந்தவர்கள். இவர்கள் இருவரும் 1978இல் பாரிசில் ஆடி ஐரோப்பாவின் கவனத்தைத் திருப்பினார்கள். மூவரின் மேடையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. அமகத்சுவின் மேடை அளந்து வைத்த அமைதி; முரோபுஷி தன் உடம்பைத் தரையில் அடித்து விழுந்தவர். ஒரே ஆசிரியரிடமிருந்து இத்தனை வேறுபட்ட மாணவர்கள் வந்தார்கள் என்றால் அந்தக் கற்பித்தலைப் பற்றி நாம் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் குருவின் பாணி என்று சொல்வதையே பாராட்டாக வைத்திருக்கிறோம். மாணவி குருவைப் போல இல்லாமல் போனால் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஆசிரியரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது: பயிற்சியோடு நிறுத்திவிடாதீர்கள். வகுப்பில் வருவது கச்சாப்பொருள். ஓனோவுக்கேகூட அந்த 1977 நிகழ்ச்சியில் ஹிஜிகாத்தா என்ற வெளிக்கண் இருந்தது. வரிசை, ஒளி, எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பார்த்த கண். ஒவ்வொரு மாணவியும் கடைசியில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு துண்டைக் கட்டி, திரும்பத் திரும்ப அதையே ஆடிக் காட்டட்டும். மறுபடி ஆட முடிந்தால்தான் அது அவளிடம் இருக்கிறது என்று பொருள். வெள்ளைப் பூச்சும் மொட்டைத் தலையும் வேண்டவே வேண்டாம். வேஷத்தைப் போட்டதும் புத்தோ வந்துவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

கனகாவா வாசி

மூன்று நிமிஷத் துண்டு, நூற்றுக்கு நூறு சரி. அதற்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹிஜிகாத்தாவின் மாணவர்கள் அவர் சொன்ன சொற்களை நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். அவர் 1986இல் காலமான பிறகு அந்த நோட்டுகளாலேயே நிறையப் பிழைத்தது. வகுரி யூக்கியோ தான் எழுதி வைத்திருந்தவற்றை ஒழுங்குபடுத்தி, 88 குறிப்புகளை ஏழு உலகங்களாகப் பிரித்து 1998இல் குறுந்தகடாக வெளியிட்டார். பூ உலகம், சுவர் உலகம், பறவையும் விலங்கும் உள்ள உலகம், எரிந்த பாலங்கள், நரம்பு மருத்துவ வார்டு என்று போகும். அசைவின் படம் வரைந்த ஏடு என்று எதிர்பார்த்துத் திறந்தால் கவிதை மாதிரி இருக்கும். ஆனால் ஆடுகிறவருக்கு அது துல்லியமான வழித்தடம்.

உங்கள் மாணவிகளுக்கு ஜதி எழுதிப் பழக்கம் இருக்கும். அதே நோட்டின் பின்பக்கத்தில் படிமங்களை வரிசையாக எழுதட்டும். அவர்கள் எழுதியதை நீங்கள் திருத்தாதீர்கள்.

அடவுக்காரி

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. இங்கே படித்ததையெல்லாம் சேர்த்து முதல் வகுப்பை நடத்திவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சலங்கை இல்லை, தட்டுக்கழி இல்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தேன். ரீச்சர் சொன்னபடி கண் பாதி திறந்து. முதலில் தண்ணீர்ப்பை, இருவர் இருவராக. ஒருத்திக்கு அலை இடுப்போடு நின்றுவிட்டது; கழுத்து வரை வருவதற்கு வெகுநேரம் ஆனது. வந்ததும் அவளாகவே சிரித்தாள். பிறகு ஈரத் துணி கொடியில் காய்வது. இதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் தினம் பார்ப்பது. "எந்த ஓரம் முதலில் காய்கிறது? வெயில் எந்தப் பக்கம்? இன்னும் சொட்டுகிறதா?" என்று கேள்வி மட்டும் கேட்டேன். ஆடிக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு அசாத்திய மனத்திடம் வேண்டியிருந்தது. கை தானாக எழுந்துவிடும். தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடவில் எல்லோரையும்விட மெதுவாக முன்னேறிய ஒரு பெண், எப்போதும் பின்வரிசையில் நிற்பவள், அன்று செய்ததை என்னால் விவரிக்க முடியவில்லை. ஒரு தோள் காய்ந்துவிட்டது, மறு தோள் இன்னும் கனமாக இருக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டே சுவர் வரை போனாள். யாரிடமிருந்தும் வந்த அசைவு இல்லை அது. என்னிடம் நிச்சயமாக இல்லை.

ஒரு சிக்கல். மற்றவர்களில் பலருக்குத் தடுமாற்றம் வந்த நொடியிலேயே கை பதாகமோ அலபத்மமோ பிடித்துவிடுகிறது. பாவம், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த பத்திரமான இடம். முத்திரையே வேண்டாம் என்று தடை போடட்டுமா?

இன்னொரு கேள்வி, தகுதி பற்றி முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

களத்துமேடு

அந்தப் பின்வரிசைப் பெண்ணை அடுத்த வகுப்பில் முன்வரிசைக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள் அம்மா. எல்லோரும் அவளைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள், அவளும் தன்னையே பார்த்து ஆட ஆரம்பித்துவிடுவாள்.

கனகாவா வாசி

களத்துமேடு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

முத்திரைக்குத் தடை வேண்டாம். தடை போட்டால் கவனம் முழுக்கத் தடையின் மேல் போய்விடும். முத்திரை வந்தால் வரட்டும், அதற்கும் ஒரு படிமம் கொடுங்கள். அலபத்மம் பிடித்தவளிடம், "அந்தக் கை உன் பாட்டியுடையது. மூட்டு வலிக்கிறது. பிடித்ததை விட முடியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மாணவிகளின் உடம்பில் பதினைந்து வருஷப் பரதம் ஊறியிருக்கிறது. அகித்தாவின் வளைந்த கால் ஹிஜிகாத்தாவுக்கு எப்படியோ, இந்த முத்திரை அவர்களுக்கு அப்படி. அதைத் துடைத்துவிட்டு ஜப்பானிய உடம்பை வாங்கிக்கொள்ளச் சொல்வது புத்தோவுக்கே எதிரானது.

தகுதி விஷயம். புத்தோவில் எல்லோரும் ஏற்கிற பட்டமோ வாரியமோ கிடையாது. ஓனோ பள்ளியில் கசாயி அக்கிரா போன்றவர்கள் வந்தார்கள். அவர் பிறகு ஜெர்மனிக்குப் போய் யூரித்மி என்ற அசைவுக் கலையைக் கற்றுவிட்டுத் திரும்பி ஆடினார், யாரும் தடுக்கவில்லை. அதே நேரம் பட்டமில்லை என்பதால் யாரும் பெயரை எடுத்துப் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். "புத்தோ வகுப்பு" என்று விளம்பரம் வேண்டாம். எந்தப் பட்டறையில், யாரிடம், எந்தப் பயிற்சியைப் பெற்றீர்கள் என்பதை மாணவிகளிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நீங்களாகச் சேர்த்ததை நீங்களாகச் சேர்த்தது என்று சொல்லுங்கள். ஈரத் துணி உங்களுடையது. நீங்களும் தொடர்ந்து யாரிடமாவது மாணவியாக இருங்கள். இந்தியாவிலேயே தரம்சாலாவில் நீண்ட காலப் பயிற்சி தந்த புத்தோ பள்ளி ஒன்று உண்டு. இப்போதும் நடக்கிறதா என்று விடுமுறையில் விசாரித்துப் பாருங்கள்.

நாடக ரீச்சர்

அடவுக்காரி, ஒண்டு கேக்க மறந்துபோனன். வகுப்பு முடிஞ்சாப்பிறகு அவையளை எப்பிடி வெளியிலை கொண்டுவந்தனீங்கள்? படிமத்துக்குள்ளை இருந்தபடியே வீட்டை அனுப்பக் கூடாது. நான் கை கால் முகம் கழுவ விட்டு, ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதாவது குடிக்கக் குடுத்துத்தான் விடுறனான்.

அடவுக்காரி

ரீச்சர், நமஸ்காரம் செய்ய வைத்து அனுப்பினேன், வழக்கமாகச் செய்வதுதான். அதோடு நீங்கள் சொன்ன முகம் கழுவுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த வகுப்புக்குப் புகை, அதற்கடுத்து மெதுநடை என்று எழுதி வைத்திருக்கிறேன். இசை வைக்கலாமா? தம்புரா மட்டும் ஓடவிடலாம் என்று யோசனை.

கனகாவா வாசி

இப்போதைக்கு வேண்டாம். சுருதி கேட்டால் உங்கள் மாணவிகளின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், தெருச் சத்தம் போதும். மூன்று நிமிஷத் துண்டு கட்டுகிற கட்டம் வந்ததும் இசையை அவரவர் கொண்டுவரட்டும். ஓனோ ஷோபினுக்கும் ஆடியிருக்கிறார், எல்விஸ் பிரெஸ்லிக்கும் ஆடியிருக்கிறார். அதனால் என்ன பாட்டைக் கொண்டுவந்தாலும் முதல் தடவை மறுப்புச் சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள்.